கல்லுக்கு ஊர்ப்பெயர் எழுதியவர்

கெங்கவல்லியில் நின்று நோக்குவார்க்குத் தொடுவானம் மலைகளாகவே காட்சி தரும். ஒருபால் பச்சைமலை, ஒருபால் கொல்லிமலை, வடக்கே கல்வராயன் மலை, வடமேற்கே தொலைவில் சேர்வராயன் மலை. இவற்றிடையே சுவேத நதியும் வசிட்ட நதியும் பாய்ந்து வெள்ளாற்றிற் கலக்கின்றன. இம்மலைகளுள் கொல்லியைச் சங்கச் சான்றோர் பாடினர். வல்வில் ஓரியின் புகழால் அது நிலைபெற்றது. எனினும், பாடல் பிறப்பதற்கும் எழுத்துத் தோன்றுவதற்கும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்நிலத்தில் மாந்தர் வாழ்ந்தனர். அவர்கள் பாட்டை விட்டுச் செல்லவில்லை. கல்லை விட்டுச் சென்றனர். அக்கல்லை மாந்தரின் கைவேலையென அறிந்து, எடுத்து, எந்த ஊரில் எந்த மண்ணில் கிடைத்ததென்று எழுதி வைத்த பெருமகனார் ஒருவர் தம் முதுமைக் காலத்தைச் சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டிற் கழித்தார். அவரே இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தையெனப் போற்றப்பெறும் இராபர்ட் புரூஸ் பூட் ஆவார்.

தமிழ்நாட்டின் தொன்மை குறித்து நூலெழுதுவோர் அனைவரும் பல்லாவரத்துக் கற்கோடரியைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. ஆனால், அதனைக் கண்டெடுத்தவர் சேலம் மாவட்டத்து மலைகளோடு இளமையிலும் முதுமையிலும் உறவு பூண்டவர் என்பது பலரும் அறியாத செய்தி. அவ்வுறவை நினைவுகூர்வது இவ்வட்டாரத்தார்க்கு உரிய கடமையுமாகும்.

இளமையும் பணியேற்பும்

புரூஸ் பூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இங்கிலாந்து நாட்டிற் செல்டன்காம் என்னும் ஊரிற் பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் அளவைத் துறையிற் பணியேற்றுச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 24. தாமசு ஓல்டாம் என்பாரின் தலைமையில் 1851-இல் தொடங்கப்பெற்ற அத்துறை, நாட்டின் பாறைகளையும் கனிவளங்களையும் அளந்து வரைபடம் வரையும் பொறுப்பினை உடையது. நிலக்கரி எங்குள்ளது, இரும்பு எங்குள்ளது, பொன் எங்குள்ளது என்று அறிய விழைந்த ஆட்சிக்கு அத்துறை வேண்டியிருந்தது. மழைக்காலம் நீங்கியபின் கூடாரங்களோடு புறப்பட்டு, ஊர் ஊராக நடந்து, ஓடைக்கரைகளையும் குன்றுச்சரிவுகளையும் பார்த்துக் குறிப்பெழுதுவதும், கோடை முற்றியபின் திரும்பி அறிக்கை எழுதுவதும் அத்துறையினரின் ஆண்டுமுறையாக இருந்தன.

இம்முறையிலேதான் சேலம் மாவட்டத்தோடு அவருடைய முதல் உறவு ஏற்பட்டது. வில்லியம் கிங் என்னும் தோழரோடு சேர்ந்து திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நில அமைப்பைப் பூட் ஆராய்ந்தார். அவ்விருவரின் அறிக்கை நிலவியல் துறையின் நினைவேட்டு வரிசையில் 1860-களில் வெளிவந்தது. கொல்லிமலையும் பச்சைமலையும் அவர்கள் ஆராய்ந்த நிலப்பரப்பைச் சேர்ந்தவை. சேலத்து இரும்புக்கல் வரிசைகளைக் கோதுமலை, கொல்லிமலை, சிங்காபட்டி, தீர்த்தமலை, கஞ்சமலை என இடப்பெயர்களால் வகுத்துக் காட்டியவர்கள் அவ்விருவரே. பின்னாளில் லெபானு என்பார் 1883-இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் என்பார் 1918-இல் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியும் இவ்வட்டாரப் பாறைகளைப் பற்றிக் கூறும் இடங்களில் இவர்தம் ஆய்வையே அடிப்படையாகக் கொண்டன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பாறை வகைகளுக்கு ஊரின் பெயரையும் மலையின் பெயரையும் இட்டு வழங்குவது நிலவியலார் மரபு. எந்தப் பொருளாயினும் அது கிடைத்த இடத்தோடு சேர்த்தே அறியப்பட வேண்டும் என்னும் பயிற்சியினை அம்மரபு பூட்டிற்கு இளமையிலேயே அளித்தது. பின்னாளில் அவர் கற்கருவிகளைத் திரட்டியபோது அப்பயிற்சியே துணைநின்றது.

பல்லாவரத்துக் கல்

பூட் இந்தியாவிற்கு வந்த காலத்தில் ஐரோப்பாவில் மாந்தரின் தொன்மை பற்றிய கருத்து பெரியதொரு மாற்றத்தை அடைந்துகொண்டிருந்தது. உலகம் தோன்றி ஏறத்தாழ 6000 ஆண்டுகளே ஆயின என்று சமயநூல் வழிநின்று பலர் நம்பி வந்தனர். பிரான்சு நாட்டில் சோம் ஆற்றங்கரைப் படிவுகளில், அழிந்துபட்ட விலங்குகளின் எலும்புகளோடு மாந்தர் செதுக்கிய கற்கருவிகளும் கிடைக்கின்றன என்று பூச்சே தெ பெர்த்து என்பார் நெடுங்காலம் கூறிவந்தார், எவரும் செவிசாய்த்திலர். 1859-இல் இங்கிலாந்து அறிஞர்களான சோசப்பு பிரெசுட்விச்சும் சான் எவன்சும் அவ்விடம் சென்று கண்டு அவர் கூற்று மெய்யென ஏற்றனர். டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே ஆகும்.

இச்செய்திகளைக் கற்ற பூட்டின் கண்கள், பாறையைத் தேடும்போதே மாந்தர் கைபட்ட கல்லையும் தேடலாயின. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்துப் படைப்பயிற்சித் திடலையடுத்துச் செம்புராங்கல் சரளை தோண்டிய பள்ளத்தில் அவர் ஒரு கல்லைக் கண்டார். குவார்ட்சைட் என்னும் உறுதிமிக்க கல்வகையைச் சேர்ந்த அது, இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பெற்று முனையும் விளிம்பும் உடையதாய் இருந்தது. சாலைக்குப் பரப்புவதற்கென்று தோண்டப்பட்ட சரளையில் அஃதும் ஒன்றாய்க் கிடந்தது. அவ்வழியே சென்ற பல்லாயிரவர் கண்ணுக்கு அது கல். பூட்டின் கண்ணுக்குக் கருவி. இந்தியாவிற் பழைய கற்காலக் கருவி எனத் தெளிந்து கண்டறியப்பட்ட முதற்பொருள் அதுவே.

ஒரு கல் மட்டும் கிடைத்திருந்தால் தற்செயல் என்று ஒதுக்கியிருப்பர். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் பூட்டும் கிங்கும் சென்னைக்கு வடமேற்கே கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளை மிகுதியாகக் கண்டனர். அடுத்தடுத்து வேறு பல ஊர்களிலும் அவை கிடைத்தன. 1866-இல் சென்னை இலக்கிய அறிவியற் கழகத்தின் இதழில் பூட் இவற்றை விரிவாக எழுதினார். 1868-இல் இங்கிலாந்தில் நார்விச் நகரிற் கூடிய அனைத்துலகத் தொல்பழங்கால மாநாட்டிலும் அவருடைய கட்டுரை இடம்பெற்றது. தென்னிந்திய நிலத்தின் தொன்மை உலக அறிஞர் அவையில் ஏறிய நிகழ்ச்சி அது.

பெர்சிவல் பாதிரியாரின் மருகர்

தமிழன்பர்கள் உவக்கத்தக்க உறவொன்றும் பூட்டின் வாழ்வில் உண்டு. அவர் மணந்த முதல் மனைவியார் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளாவார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் கல்விப் பணியாற்றிய பெர்சிவல், இளைஞராயிருந்த ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். அம்மொழிபெயர்ப்பைச் சென்னைப் புலவர் மழவை மகாலிங்கையர் ஆய்ந்து பாராட்டிய வரலாற்றைத் தமிழுலகம் நன்கறியும். பின்னர்ச் சென்னைக்கு வந்த பெர்சிவல் 1855-இல் தினவர்த்தமானி என்னும் இதழைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியிற் பேராசிரியராகவும் விளங்கினார். எல்லாவற்றினும் மேலாக, மக்கள் வாயில் வழங்கிய தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1842-இல் முதலில் வெளியிட்டார். 1874-இற் பதிப்பித்த விரிந்த தொகுப்பில் 6000-க்கும் மேற்பட்ட பழமொழிகளைச் சேர்த்தார். அவர் தம் இறுதிக் காலத்தை ஏற்காட்டிற் கழித்து 1882-இல் அங்கேயே மறைந்தார்.

மாமனார் வீதியில் வழங்கிய சொல்லைத் திரட்டினார். மருகர் வீதியிற் கிடந்த கல்லைத் திரட்டினார். இரண்டும் எவரும் பொருட்படுத்தாதவை. எங்கும் கிடைப்பவையாதலால் அழிந்தாலும் அறியப்படாதவை. கேட்ட அன்றே எழுதாவிடிற் பழமொழி மறைந்துபோகும். கண்ட அன்றே குறிக்காவிடிற் கல்லின் வரலாறு மறைந்துபோகும். இருவர் பணியும் ஒரு மனப்பாங்கினவே என்பது சிந்திப்பார்க்குப் புலனாகும்.

முதல் மனைவியார் மறைந்தபின் பூட் 1874-இல் எலிசா மெலிசா வெல்சு என்னும் அம்மையாரை மணந்தார்.

நடந்து கண்ட நாடு

நிலவியல் துறையில் 33 ஆண்டுகள் பணியாற்றிய பூட், தென்னாட்டின் பெரும்பகுதியை நடந்தும் குதிரைமீதும் கண்டார். தென்மராட்டிய நாட்டின் நிலவியல், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல், பெல்லாரி மாவட்டத்தின் நிலவியல் என அவர் எழுதியவை பல. கோலார்ப் பொன்வயலை உள்ளடக்கிய பழம்பாறை வரிசைக்குத் தார்வார் என்னும் பெயரை வழங்கியவரும் அவரே.

அலுவற்பணிக்குச் சென்ற இடமெல்லாம் அவர் தொல்பொருள்களையும் கண்டு குறித்தார். பெல்லாரியை அடுத்த குப்கல் குன்றில் புதிய கற்கால மக்கள் கற்கோடரிகளைப் பேரளவிற் செய்த பட்டறைகள் இருந்தமையைக் கண்டறிந்தார். உடைந்தனவும் அரைகுறையாக நின்றனவும் தீட்டி முடித்தனவுமாகக் கிடந்தவற்றை வரிசைப்படுத்தி, ஒரு கோடரி எவ்வெப்படிகளைக் கடந்து உருவாகிறது என்பதைப் படித்தறிந்தார். திருநெல்வேலிச் சீமையின் தேரிமணற் பகுதியில் சாயர்புரத்தருகே மிகச் சிறிய கற்கருவிகளைக் கண்டார். 1884, 1885-ஆம் ஆண்டுகளிற் கர்நூல் மாவட்டத்துப் பில்லசுரங்கம் குகைகளின் அகழ்வு நடைபெற்றது. அப்பணியிற் படைத்துறை அதிகாரியாயிருந்த அவர்தம் மகன் என்றி புரூஸ் பூட்டும் பங்கேற்றார். 1891-இல் ஓய்வுபெற்ற பின்னர்ப் பூட் பரோடா அரசின் பணியேற்றுக் குசராத்து நாட்டை ஆராய்ந்தார். சபர்மதி ஆற்றங்கரையிற் பழைய கற்காலக் கருவிகளை 1893-இற் கண்டார். 1894-இல் மைசூர் அரசு நிலவியல் துறையைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவராயினார்.

இவ்வாறு அவர் கண்டறிந்த தொல்லிடங்கள் 450-க்கு மேற்பட்டவை. தனியொருவர், தம் அலுவற்பணிக்கிடையே, அலுவலாகக் கருதப்படாத ஒரு பணியில் இவ்வளவு செய்தமை வியப்புக்குரியது.

மலைக்கோயிற் கற்கள்

சேலம் மாவட்டத்திற் பூட் கண்டவை பழைய கற்காலத்துக் கைக்கோடரிகள் அல்ல. அக்கருவிகளுக்கேற்ற குவார்ட்சைட் கல் சென்னை, கடப்பைப் பகுதிகளிற்போல் இங்குக் கிடைப்பதில்லை. பழைய கற்கால மக்கள் தங்கள் கருவிக்குரிய கல் கிடைத்த நிலங்களையே பெரிதும் நாடினர் என்பதும், புதிய கற்கால மக்கள் கருங்கல் நாட்டில் நன்கு தீட்டத்தக்க கரும்பாறை வகைகளைக் கையாண்டனர் என்பதும் பூட் தம் நீண்ட பட்டறிவாற் கண்ட முடிபுகள். நிலத்தின் இயல்பை அறியாமல் மக்களின் வரலாற்றை அறிய இயலாது என்னும் உண்மையை அவருடைய நிலவியற் புலமை அவருக்கு உணர்த்தியது. முதல், கரு, உரி என வகுத்து நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த தமிழ் மரபினர்க்கு இக்கருத்து அயலானது அன்று.

சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தீட்டப்பெற்ற கற்கோடரிகள் பல கிடைத்தன. அவற்றுட் பல மண்ணிற் புதைந்து கிடக்கவில்லை. மலைமக்களின் சிறு கோயில்களிலும் மரத்தடிப் பிள்ளையாரிடத்தும் வைத்து வழிபடப்பட்டன. உழும்போதும் ஓடையிலும் அகப்பட்ட விந்தையான வடிவுடைய கல்லை எறிந்துவிட மனமின்றித் தெய்வத்தின் அருகில் வைத்தனர் அம்மக்கள். இத்தகைய கற்களை வானிலிருந்து இடியோடு வீழ்ந்தவை என நம்பும் வழக்கம் ஐரோப்பிய நாட்டுப்புறங்களிலும் இருந்தமை ஈண்டு ஒப்பிடத்தக்கது.

இவ்விடத்தில் எளிதில் விடைகூற இயலாத வினாவொன்று எழுகின்றது. அக்கற்களை முதலிற் காத்தவர் யாவர்? பூட்டும் அவரையொத்த பிற அறிஞரும் திரட்டத் தொடங்குவதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வந்தவர்கள் அம்மலைமக்களே. அவர்கள் காத்திராவிடில் அவை சாலைச் சரளையோடு சரளையாய்ப் போயிருக்கும். ஆயின் கோயிலில் வைக்கப்பெற்ற கல், அது கிடைத்த வயலையும் ஓடையையும் இழந்துவிட்டது. எங்கிருந்து வந்ததென்று கூறுவார் இல்லை. மறுபுறம், கோயிலினின்றும் எடுத்துச் செல்லப்பட்ட கல், தனக்கிருந்த வழிபாட்டை இழந்தது. ஒருவர் கல்லின் தெய்வத்தன்மையைக் காத்தனர். ஒருவர் கல்லின் வரலாற்றைக் காத்தனர். இரண்டையும் ஒருசேரக் காக்கும் வழியை அக்காலம் அறிந்திருக்கவில்லை. பூட்டின் பெருமையைப் பேசுவோர் மலைமக்களின் பங்கினை மறத்தல் நன்றியன்று.

பட்டியலின் அருமை

முதுமையிற் பூட் ஏற்காட்டில் தங்கினார். அங்கு அவர் மேற்கொண்ட பணி புதியன தேடுவதினும் அருமையுடையது. நாற்பதாண்டுகளாகத் தேடிய பொருள்களுக்கு ஒழுங்கான பட்டியல் எழுதும் பணி அது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருந்த தொல்பழங்காலப் பொருள்களுக்கு அவர் எழுதிய பட்டியல் 1901-இல் வெளிவந்தது. அடுத்து, அவருடைய சொந்தத் தொகுப்பு என்னாகும் என்னும் வினா எழுந்தது.

தனிப்பட்டோர் திரட்டிய தொகுப்புகளின் முடிவு பெரும்பாலும் இரங்கத்தக்கது. திரட்டியவர் மறைந்தபின் உறவினர் பங்கிட்டுக்கொள்வர், அழகியன விற்கப்படும், அழகற்றன குப்பையிற் சேரும். அக்காலத்தில் இந்தியப் பொருள்கள் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றுகொண்டிருந்தன. பூட்டின் தொகுப்பு அவ்வாறு சிதறவில்லை. 1904-இல் சென்னை அரசு அதனை விலை கொடுத்து வாங்கி அருங்காட்சியகத்திற் சேர்த்தது. தோண்டி எடுத்த நிலத்தாரே சென்று காணத்தக்க இடத்தில் அப்பொருள்கள் இன்றளவும் ஒருசேர இருக்கின்றன.

அத்தொகுப்பிற்கு அவர் எழுதிய விளக்கப் பட்டியல், அவர் மறைவிற்குப்பின் 1914-இல் முதற்பகுதியாகவும், பொருள்களின் காலத்தையும் பரவலையும் பற்றிய குறிப்புகள் 1916-இல் இரண்டாம் பகுதியாகவும் வெளியிடப்பெற்றன. மாவட்டம் மாவட்டமாக, ஊர் ஊராக, ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு எழுதப்பெற்ற நூல் அது. முழுமையான கோடரிக்கு எத்துணை மதிப்போ அத்துணை மதிப்பு உடைந்த துண்டுக்கும் பானை ஓட்டிற்கும் அதில் உண்டு. கற்கருவிகளோடு நில்லாமல், இரும்புக்காலப் பானைகளையும் அவற்றின் வடிவங்களையும் அது கூறுகின்றது. படிப்பதற்குச் சுவையற்ற நூல் என்று சிலர் கருதக்கூடும். ஆனால், ஊர்ப்பெயர்கள் நிரம்பிய அந்நூல் தென்னிந்தியத் தொல்பழங்காலத்தின் ஊர்த்தொகை எனத் தகும்.

பூட்டின் முடிபுகள் எல்லாம் நிலைபெற்றுவிடவில்லை. சென்னையைச் சூழ்ந்த செம்புராங்கற் படிவுகள் கடலடியில் உண்டானவை என்று அவர் தொடக்கத்திற் கருதினார். பிற்கால ஆய்வாளர் அதனை ஏற்கவில்லை. எனினும், எந்த ஊரில், எந்தப் படிவில், எத்தகைய நிலையில் ஒவ்வொன்றும் கிடைத்ததென்று அவர் எழுதி வைத்தமையால் அவரைத் திருத்துவதற்கும் அவர் குறிப்புகளே பயன்பட்டன. கருத்து பிழையாகலாம், குறிப்பு மெய்யாயிருத்தல் வேண்டும். அறிஞரின் நேர்மை அதனால் அளக்கப்படுவது.

அவருக்குப்பின் நெடுங்காலம் கழித்து அக்குறிப்பின் பயன் பெரிதும் வெளிப்பட்டது. அவரும் கிங்கும் 1863-இற் கண்ட அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் முறையான அகழாய்வு நடத்தினர். அங்குக் கிடைத்த பழைய கற்காலக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் தொன்மையுடையவை என்னும் முடிபு 2011-இல் வெளிவந்தது. 2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இடைப்பழங்கற்கால முறையிற் செய்யப்பெற்ற கருவிகள் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியதைக் காட்டியது. ஊரின் பெயரை அவ்விருவரும் எழுதி வைத்திராவிடில், எங்குத் தோண்டுவதென்றே பின்னையோர் தேடியிருப்பர்.

மறைவும் நினைவும்

தம் 78-ஆம் அகவையில், 1912-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29-ஆம் நாள், கல்கத்தாவிற் புரூஸ் பூட் இயற்கையெய்தினார். ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் அவர் நினைவுச்சின்னம் உள்ளது. தம் பெருநூல் அச்சேறியதை அவர் காணவில்லை. தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிய பெர்சிவலும், தமிழ்நிலத்துக் கற்களைத் திரட்டிய பூட்டும் ஒரே மலையூரோடு தம் வாழ்வின் மாலைப்பொழுதைப் பிணைத்துக்கொண்டமை சேலம் மாவட்டத்துக்கு வாய்த்த பேறு.

பெல்லாரியில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. பல்லாவரத்துச் சரளைப் பள்ளம் இருந்த பகுதியோ நகரத்தின் நெரிசலுக்குள் அடங்கிவிட்டது. அன்று ஒருவர் குனிந்து எடுத்து எழுதி வைத்தமையால் மட்டுமே அந்த இடம் வரலாற்றில் நின்றது. ஏற்காட்டிற்குச் செல்லும் பல்லாயிரவர் ஏரியையும் பூக்களையும் கண்டு திரும்புகின்றனர். ஆலயத்தின் நினைவுச்சின்னத்தை நாடிச் செல்வோர் மிகச் சிலர். எல்லாக் கற்களுக்கும் ஊர்ப்பெயர் எழுதியவரின் பெயரை, அவர் வாழ்ந்த ஊர் மறந்துவிடலாகாது.

உள்ளூர் வரலாறு என்பது பெருநூல்களில் தன் ஊரின் பெயரைத் தேடி மகிழ்வதோடு முடிவதன்று. ஏரிக்கரையிற் கிடக்கும் நடுகல், வயல் வரப்பில் உடைந்து கிடக்கும் முதுமக்கள் தாழி, கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு பூசப்பெற்று மறையும் கல்வெட்டு, முதியோர் மட்டுமே அறிந்த நிலப்பெயர் ஆகிய யாவும் பல்லாவரத்துக் கல்லைப் போன்று எவர் கண்ணிலும் பட்டு எவர் கருத்திலும் படாமல் இருப்பவையே. அவற்றைப் பெயர்த்தெடுத்து வீட்டிற் சேர்ப்பது காப்பாகாது. கிடந்த இடத்திலேயே இருக்கவிட்டு, இடத்தையும் நாளையும் சொன்னார் பெயரையும் எழுதி வைத்து, உரிய துறைக்கு அறிவிப்பதே காப்பு. மலைமக்களின் அன்பும் பூட்டின் குறிப்பேடும் ஒன்றுகூடும் நெறி அது.

சுவேத நதிக்கரை ஊர்களில் இன்னும் எழுதப்படாத பெயர்கள் எத்தனையோ உள. பாடுவோர் நிறைந்த இலக்கிய வட்டத்தினர்க்குச் சொல்லின் அருமையை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஒரு கல்லோடு அதன் ஊர்ப்பெயரைச் சேர்த்து எழுதும் இரண்டு வரியும் நிலைத்து வாழத்தக்க எழுத்தே என்பதைப் புரூஸ் பூட்டின் வாழ்வு உணர்த்துகின்றது.